பால் காய்ச்சும் நாளன்று பாம்புகள் வேண்டாம்

கேள்வி: டாக்டர், நானும் என் கணவரும் கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். ஆறு வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன். இரண்டு பால் பைத்தான் (ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு), ஒரு கார்ன் ஸ்னேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு). கணவருக்குச் சொந்த ஊர் மதுரை. நாகமலைப் புதுக்கோட்டையில் வீடு கட்டி முடித்துவிட்டோம், வைகாசியில் கிரகப்பிரவேசம். அன்றைக்கே சாமான்களோடு பாம்புகளையும் கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம். பெரிய பைத்தானுக்கு இப்போது கண் மங்கியிருக்கிறது, சட்டை உரிக்கப் போகிறது என்று நினைக்கிறேன். போன முறை அடுத்த தெருவுக்கு வீடு மாறியதற்கே சின்ன பைத்தான் இரண்டு மாதம் சாப்பிடவில்லை. இந்த முறை 200 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மதுரை வெயில். எங்களோடு இருக்கப்போகும் அத்தைக்குப் பாம்பு என்றாலே நடுக்கம். எப்படிக் கொண்டுவருவது, எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். கிரகப்பிரவேசத்தன்று பாம்புகளைக் கொண்டுவராதீர்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் கணபதி ஹோமம், வீடு முழுக்கப் புகை. வாசலில் ஸ்பீக்கர் செட். பால் காய்ச்சி முடித்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பார்கள். வீடு பார்க்க வந்தவர்களிடம் 'அந்தக் கதவை மட்டும் திறக்காதீர்கள்' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அதைத்தான் முதலில் திறப்பார்கள்.

புகையை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்ன் ஸ்னேக்குக்கு வேலை செய்வது ஒரே ஒரு நுரையீரல்தான். பைத்தானுக்கு இரண்டு உண்டு, ஆனால் இடது பக்கம் சின்னது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை, அதாவது உதரவிதானம், இருப்பதுபோல அவற்றுக்குக் கிடையாது. அதனால் உள்ளே சேரும் சளியை இருமி வெளியே தள்ள அவற்றால் முடியாது. புகையும் பெயின்ட் வாடையும் நமக்குக் கண் எரிச்சலோடு போய்விடும். பாம்புக்கு அது நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடலாம்.

அதனால் இரண்டு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் வாருங்கள். பால் காய்ச்சுங்கள், பந்தி நடக்கட்டும், சொந்தக்காரர்கள் ஊருக்குப் போகட்டும். ஒரு வாரம் அந்த வீட்டில் நீங்கள் இருந்து பாருங்கள். பாம்புக்கான அறையைத் தயார் செய்யுங்கள். அப்புறம் பாம்புகளுக்கென்றே ஒரு தடவை கோவைக்குப் போய் வாருங்கள். கோவை வீட்டுக்கு மாதக் கடைசிவரை வாடகை இருக்குமல்லவா, அதுவரை அங்கேயே இருக்கட்டும். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, சூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

இப்படித் தள்ளிப்போட்டால் சட்டைப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்துவிடும். கண் நீலம் பாய்ந்ததுபோல மங்கி, சில நாளில் மறுபடி தெளிந்து, அதற்குப் பிறகுதான் சட்டை கழலும். எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வாரம். இந்த நாட்களில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, மேல்தோலும் நோகும். அந்த நேரத்தில் பையில் கட்டிக் காரில் குலுக்கினால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும். வால் நுனியில் ஒரு வளையம் நின்றுவிடும், கண்மேல் இருக்கும் மூடி கழலாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்மூடியை நகத்தால் பிய்த்துக் கண்ணையே கெடுத்துக்கொண்டு வந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளைப் போட்டு உள்ளே வையுங்கள். நர்சரிகளில் கட்டி கட்டியாக விற்கிறார்களே, அதுதான். பாம்பு முழுசாகச் சட்டை உரித்த பிறகு கிளம்புங்கள்.

சரி, புது இடம் என்றால் பாம்புக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மீதி எல்லாம் உங்களுக்கே தோன்றும்.

நாய் ஆளைப் பார்த்து இருக்கும், பூனை இடத்தைப் பார்த்து இருக்கும் என்பார்கள். பாம்பு இரண்டையும் பார்ப்பதில்லை. கோவை, மதுரை, சொந்த வீடு, வாடகை வீடு எதுவும் அதற்குத் தெரியாது. அதற்கு வீடு என்றால் பெட்டி. பெட்டிக்குள் சூடான மூலை எங்கே, குளிர்ந்த மூலை எங்கே, உடம்பு நெருக்கமாக அடங்குகிற பொந்து எங்கே, தன் வாடை எங்கே இருக்கிறது, இவ்வளவுதான். நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறதே, காற்றில் இருக்கும் வாடையைப் பிடித்து மேலண்ணத்தில் இருக்கும் ஒரு உறுப்பில் கொண்டுபோய் வைப்பதற்காகத்தான். நாம் கண்ணால் ஒரு அறையைப் பார்த்துக்கொள்வதை அது நாக்கால் செய்கிறது. ஆகவே வீடு உங்களுக்கு மாறட்டும், பாம்புக்குப் பெட்டி மாறக் கூடாது. பலரும் தப்புச் செய்வது இங்கேதான். புது வீடு வந்துவிட்டது, பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கிவிடலாம், புது மரப்பட்டை போடலாம், புதுப் பொந்து வைக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். போன முறை உங்கள் சின்ன பைத்தான் இரண்டு மாதம் பட்டினி கிடந்ததற்கும் இப்படி ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். அப்போது புதுப் பெட்டி வாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்று மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். இப்போதைக்கு அதே பெட்டி, அதே பொந்து, அதே தண்ணீர்க் கிண்ணம். பொந்தைக் கழுவாதீர்கள். பழைய நார்த்தூளில் சுத்தமான இரண்டு கைப்பிடியைக் கவரில் போட்டு எடுத்து வந்து, புதுத் தூளோடு கலந்துவிடுங்கள். அறைக்குள் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது முக்கியமில்லை. பெட்டிக்குள் இடது ஓரம் சூடு என்றால் இங்கேயும் இடது ஓரம்தான் சூடு.

இனி அறை. புது வீட்டில் மாடி அறையைத்தான் 'யாரும் வரமாட்டார்கள்' என்று பாம்புக்கு ஒதுக்குவார்கள். மதுரையில் அதைச் செய்யாதீர்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை மொட்டை மாடித் தளம் ராத்திரி பதினோரு மணிவரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். கீழ்த்தளத்தில் வடக்குப் பக்க அறையைப் பாருங்கள், மேற்கு ஜன்னல் இல்லாததாக. அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் தள்ளி இருக்கட்டும். தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் அங்கே தினமும் உண்டு. கதவுக்கு வார்னிஷ் அடித்த வாடை நிற்கும்வரை ஜன்னல்களைத் திறந்து வைத்திருங்கள். கரையான் மருந்து, கரப்பான் ஸ்பிரே எதையும் அந்த அறையில் அடிக்கக் கூடாது. அலமாரியில் அந்துருண்டையும் கூடாது. பூச்சி மருந்து பாம்புக்கு நரம்பைத் தாக்கும். தலை ஆடும், மல்லாந்து விழும்.

கோவையில் நீங்கள் இதுவரை கவலைப்பட்டதெல்லாம் சூடு போதுமா என்றுதான். இங்கே மதுரையில் கணக்கு நேர்மாறு. பால் பைத்தானுக்குச் சூடான ஓரம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த ஓரம் 25 முதல் 27 டிகிரி. கார்ன் ஸ்னேக்குக்கு அதைவிட இரண்டு டிகிரி குறைவாக வைக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வெளியே 38, 40 என்று ஏறும்போது, மின்விசிறி மட்டும் ஓடும் அறையே மத்தியானம் 34, 35-க்குப் போய்விடும். அப்போது பெட்டியில் சூடான ஓரம் இருக்கும், குளிர்ந்த ஓரம் என்று ஒன்று இருக்காது. ஒதுங்க இடமில்லாமல் போவதுதான் பாம்பைக் கொல்லும். 35-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றாலே ஆபத்து.

ஆகவே ஹீட்டிங் மேட் இருந்தால், குறித்த சூட்டில் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக் கூடாது. சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, பெட்டியின் இரண்டு ஓரத்திலும் கம்பியைத் தரையோடு ஒட்ட வையுங்கள். கையை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. ஏ.சி. இருந்தால் பகலில் 27-ல் விட்டுவிடுங்கள். மாதப் பராமரிப்பு என்று காலை முதல் மாலைவரை மின்சாரம் நிற்கும் நாள் ஒன்று இங்கே உண்டு. இன்வெர்ட்டர் மின்விசிறியை ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. அன்றைக்குப் பெட்டியைத் தரையில் இறக்கி வையுங்கள், மேட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், பாம்பு முழுசாக இறங்கிப் படுக்கிற அளவுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஐஸ் கட்டியைப் பெட்டிக்குள் போடக் கூடாது. இந்த ஏற்பாட்டையெல்லாம் பாம்பு வருவதற்கு முன்பே, இதே அளவில் வேறொரு காலிப் பெட்டியை வைத்து இரண்டு பகல் இரண்டு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது, விடியற்காலை நான்கு மணிக்கு என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அந்த எண்கள் சரியாக வந்த பிறகுதான் கோவைக்குக் காரை எடுக்க வேண்டும்.

பயணத்துக்கு வருவோம். பைத்தான்களுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இரையை நிறுத்துங்கள். கார்ன் ஸ்னேக்குக்கு ஐந்து நாள் போதும். வயிற்றில் எலியோடு குலுங்கினால் கக்கிவிடும். கக்கல் பாம்புக்குச் சாதாரண வாந்தி இல்லை, தொண்டை வெந்துபோகும். அப்படிக் கக்கினால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துத்தான் அடுத்த இரை வைக்க முடியும்.

பை என்றால் பருத்தித் துணிப் பை. பழைய தலையணை உறை நன்றாக இருக்கும், புதிதாக வாங்கத் தேவையில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். தையல் ஓரத்து நூல் பல்லிலோ செதிலிலோ மாட்டாமல் இருக்கும். ஒரு பாம்புக்கு ஒரு பை. கீழ்ப் பக்கத்திலிருந்து உடம்பைத் தாங்கி, வாலை முதலில் இறக்கி, தலையைக் கடைசியாக விடுங்கள். பை வாயை முறுக்கி, அந்த முறுக்கையே முடிச்சாகப் போடுங்கள். முடிச்சுப் போடும்போது இன்னொரு கை முடிச்சுக்குக் கீழே துணியைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் நுனி முடிச்சுக்குள் மாட்டும். போட்ட பிறகு பையைத் தூக்கி, அடியில் பாரம் தனியாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பையை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பக்கவாட்டில் ஓட்டைகள் போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து வையுங்கள். ஓட்டைகளைப் பாம்பு உள்ளே இருக்கும்போது போடாதீர்கள். டப்பாவைப் பூட்டி, மேலே 'உயிருள்ள பாம்பு, திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டுங்கள். ஐந்து மணி நேரத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது. இருட்டும் நெருக்கமும் கிடைத்தால் பால் பைத்தான் சுருண்டு பந்தாகிக் கிடக்கும். அந்தப் பந்துதான் அதன் பெயர். இங்கே தமிழில் சொல்லும்போது அது பசும்பாலாகக் கேட்டுவிடுகிறது. பெயரைக் கேட்டு நம்பிப் பால் வைத்துவிட்டு, பேதியோடு பாம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாம்புக்கும் பால் இரை இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக வந்தால் ஒன்பதுக்குள் நாகமலையில் இருக்கலாம், வெயில் ஏறியிருக்காது. டப்பாக்கள் முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வைக்க வேண்டாம். சாமான் லாரியில் ஏற்றவே கூடாது. ஏ.சி. 25, 26-ல் இருக்கட்டும், காற்று டப்பாமேல் நேராக அடிக்க வேண்டாம். வழியில் யார் கேட்டாலும் பையைத் திறக்காதீர்கள்.

நிறுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி சென்னையிலிருந்து காரில் வந்தார். திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தேன், அரை மணி நேரம்தான் என்றார். என் மேசையில் அவர் பையை அவிழ்த்தபோது பாம்பு நீளவாக்கில் தளர்ந்து கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சுருண்டிருக்க வேண்டிய பாம்பு நீண்டு கிடந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வயதுப் பெண் பைத்தான், இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் நிறுத்தினால் ஒருவர் ஏ.சி.யை ஓடவிட்டுக் காரிலேயே இருக்க வேண்டும். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

காகிதங்களும் கூடவே வரட்டும். பால் பைத்தான், சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. நீங்கள் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். செய்யவில்லை என்றால் வீடு மாறுவதற்கு முன் வன அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். முகவரி மாறுவதையும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நகல், வாங்கிய ரசீது இரண்டும் காரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் பாம்பைப் பார்க்கிறவருக்கு அது ஆப்பிரிக்கப் பாம்பா நம் மலைப்பாம்புக் குட்டியா என்று தெரியாது.

வந்து சேர்ந்ததும் ஒரு மணி நேரம் டப்பாவை அறையிலேயே அப்படியே வையுங்கள். பிறகு முடிச்சை அவிழ்த்து, பையைப் பெட்டிக்குள் பொந்தின் வாசலுக்கு எதிரே படுக்க வைத்து, கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கொட்டாதீர்கள், இழுக்காதீர்கள். அதுவாக வரும். என்னிடம் ஒரு பால் பைத்தான் மூன்று மாதம் தங்கியிருந்தது, அதன் முதல் ராத்திரியைச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது நிமிடம் துணியில் ஒரு அசைவும் இல்லை. அப்புறம் மடிப்புக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வந்தது, நாக்கு மேலும் கீழுமாக மெதுவாக ஆடியது. கழுத்தை ஒரு சாண் நீட்டி, கண்ணாடிச் சுவரைத் தொடாமல் அதன் ஓரமாகவே முகர்ந்துகொண்டு போனது. தன் பழைய மண்பொந்தை எட்டியதும் நாக்கின் வேகம் கூடியது. விளிம்பில் தாடையைத் தேய்த்தது. பிறகு உடம்பு முழுவதும் தண்ணீர் இறங்குவதுபோல ஒரே சீராக உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் ஐந்து நாள் அது வெளியே தலைகாட்டவில்லை. உங்களுடையதும் அப்படித்தான் செய்யும், செய்யட்டும். காலையில் பையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

முதல் பத்து நாள் தண்ணீர் மாற்றுவது தவிர வேறு எதற்கும் கை உள்ளே போகக் கூடாது. யாருக்கும் காட்டக் கூடாது. பாம்பு தாடை எலும்பு வழியாகத் தரையின் அதிர்வை உணரும், அதனால் பெட்டிக்கு அடியில் ரப்பர் மேட் போடுங்கள். அலமாரி மாட்ட டிரில் போடும் வேலை எல்லாவற்றையும் பாம்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பத்தாவது நாளுக்குப் பிறகு வழக்கமாக வைப்பதைவிட ஒரு அளவு சின்ன எலி, ராத்திரியில், பொந்து வாசலில் வையுங்கள். காலையில் அப்படியே இருந்தால் எடுத்து எறிந்துவிட்டு, மறுபடி ஒரு வாரம் கழித்துத்தான் வைக்க வேண்டும். தினமும் வைத்து வைத்துப் பார்ப்பது அதை இன்னும் மிரட்டும். வாயைத் திறந்து ஊட்டவே கூடாது. கார்ன் ஸ்னேக் பெரும்பாலும் முதல் தடவையே எடுத்துக்கொள்ளும். பால் பைத்தான் வாரக் கணக்கில், ஏன் மாதக் கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும் இனம். உங்களைச் சங்கடப்படுத்திய அந்த இரண்டு மாதம் அதற்குப் பெரிய பட்டினி இல்லை. நாட்களை எண்ண வேண்டாம், எடையைப் பாருங்கள். கோவையில் கிளம்புவதற்கு முந்தின நாள் சமையலறைத் தராசில் மூன்றையும் எடை போட்டு எழுதுங்கள். வந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுங்கள். 1,500 கிராம் பாம்பு 1,450-க்கு வந்தால் சும்மா இருங்கள். 1,350-க்கு வந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறையாவிட்டாலும் மூக்கில் நுரை, மூச்சில் சத்தம், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து வைப்பது இவற்றைக் கண்டால் அன்றைக்கே கூட்டிவாருங்கள். உறைந்த எலிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காமல் தனிச் சின்ன ஃப்ரீசரில் வையுங்கள். மின்தடையில் ஒரு தடவை இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. வீட்டில் பொறியில் மாட்டிய எலியையும் போடாதீர்கள், அது எங்கே என்ன விஷம் தின்றதோ தெரியாது.

இப்போது சொல்லப்போவது பாம்புகளுக்காக இல்லை, உங்களுக்காக. தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள்.

நீங்கள் வரப்போவது நாகமலை அடிவாரம். சமணர் ஏவிய பாம்பு, அம்பு பட்டு மலையாகப் படுத்தது என்று கதை சொல்கிற ஊர். கதை இருக்கட்டும், அந்த மலைச் சரிவிலும் அதைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் வயல்களிலும் உண்மையாகவே பாம்புகள் இருக்கின்றன. சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் எல்லாம் உண்டு. புது லேஅவுட்டில் இன்னும் கட்டாத மனைகள், குவித்து வைத்த செங்கல், மணல், அங்கே சேரும் எலி என்று எல்லாம் அவற்றுக்குத் தோதாக இருக்கும். ஆறு வருடமாகப் பாம்பைக் கையால் எடுத்துப் பழகியவர் நீங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் ஒரு பாம்பு ஊர்வதைப் பார்த்தால் மற்றவர்கள் பயந்து பின்னால் போவார்கள். உங்கள் கை முன்னால் போகும். 'ஐயோ, கார்ன் ஸ்னேக் வெளியே வந்துவிட்டதே' என்றுதான் தூக்கக் கலக்கத்தில் தோன்றும். கட்டுவிரியன் நடமாடுவது அந்த நேரத்தில்தான். அதன் கடி பல சமயம் வலிப்பதுகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வயிறு வலிக்கும், இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும்.

அதனால் இதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் தரையில் காணும் எந்தப் பாம்பும் உங்கள் பாம்பு இல்லை. முதலில் விளக்கைப் போட்டு, பாம்பறைக்குப் போய், மூன்று பெட்டியிலும் மூன்று பாம்பும் இருக்கிறதா என்று கண்ணால் எண்ணுங்கள். மூன்றும் இருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள், அவர்கள் வந்து பிடிப்பார்கள். ஒன்று குறைந்தாலும் உடம்பு நிறமும் தலையும் தெளிவாகத் தெரியாமல் கையை வைக்காதீர்கள். கடிபட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், அந்தக் கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான், அதனால் பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அடிவாரத்தில் கிடைக்கும் குட்டி எதையும் எடுத்து வளர்க்கும் எண்ணமும் வேண்டாம். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது குற்றம்.

உங்கள் பாம்பு வெளியே போகாமல் இருப்பதற்கும் வேலை இருக்கிறது. தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். அறைக்கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். ஏ.சி. குழாய் போகும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், பாத்ரூம் ஜாலிக்குத் திருகு போட்ட மூடி வாங்குங்கள். அப்படியும் காணாமல் போனால் ஓடாதீர்கள், பெரும்பாலும் அதே அறையிலோ பக்கத்திலோதான் இருக்கும். ஃபிரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டருக்கு அடியில், சூடு இருக்கும் மூலைகளில் பாருங்கள். ராத்திரி தரையில் மெல்லிசாக மைதா தூவி வைத்தால் காலையில் தடம் காட்டும்.

கடைசியாக அத்தை. அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள், 'கடிக்காது' என்று நூறு தடவை சொல்லாதீர்கள். பாம்பறைக்கு நல்ல பூட்டு ஒன்று போட்டு, இரண்டு சாவியில் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். பயப்படுகிறவருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்க்க முடிவது பெரிய நிம்மதி. என்னிடம் வரும் இரண்டு குடும்பங்களில் இதைச் சொல்லிச் செய்யவைத்திருக்கிறேன், இரண்டிலும் சண்டை நின்றது. வெள்ளிக்கிழமை அந்தக் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க அவர் ஆசைப்பட்டால் வைக்கட்டும், ஊதுபத்தியை மட்டும் வாசலுக்கு வெளியே ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் நீங்களே முதல் வாரத்தில் சொல்லிவிடுங்கள். வேறு யார் வழியாகவாவது தெரிந்தால் மூன்று பாம்பு முப்பதாகிவிடும், ஒரு நாள் உங்கள் பைத்தான் வெளியே போய்விட்டால் கம்போடுதான் வருவார்கள்.

மதுரைக்கு வந்து ஒரு மாதம் ஆனதும் மூன்றையும் ஒரு தடவை பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். எடை எழுதிய நோட்டும், புதிதாகப் போட்ட எச்சம் கொஞ்சம் சின்ன டப்பாவிலும் வேண்டும். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.